ஏடிஏ கார்னெட் லோடு முதல் தடவை எடுக்குறேன், எந்த தாள்ல எங்க ஸ்டாம்ப் வாங்கணும்?

நெடுஞ்சாலை மணி:

அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்துல ஆர்டிக், அதான் ட்ரெய்லர் மாட்டுன பெரிய லாரி, ஓட்டுறேன். டோவர் – கலே ரூட் எனக்கு புதுசு இல்ல, ஆனா இதுவரைக்கும் போனதெல்லாம் சாதா லோடு, ஆபீஸ்லயே டிக்ளரேஷன் எல்லாம் முடிச்சு பார்கோடு போனுக்கு அனுப்பிருவாங்க, நான் காட்டிட்டு போயிட்டே இருப்பேன், கஸ்டம்ஸ் ஆபீஸ்ல கால் வைக்கவே தேவைப்படாது. இப்ப ஒரு மியூசிக் குழுவோட சவுண்டு, லைட்டு சாமான் ஏத்திட்டு போகச் சொல்லிருக்காங்க. பிரான்ஸ்ல லியோன்ல ஒரு ஷோ, அது முடிஞ்சு சுவிஸ்ல ஜெனீவால ஒரு ஷோ, அங்கருந்து திரும்ப பிரான்ஸ் வழியா கலே வந்து கப்பல் ஏறணும். சாமான் எல்லாம் திரும்பி வரப்போறதால ஏடிஏ கார்னெட், அதான் வரி கட்டாம தற்காலிகமா சாமான் கொண்டு போய் வர்றதுக்கான கஸ்டம்ஸ் புக்கு, போட்டிருக்காங்க. புக்கு கைக்கு வந்துருச்சு, பச்சை அட்டை, உள்ள மஞ்சள், வெள்ளை, நீலம்னு தாளுங்க இருக்கு. டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்ல கேட்டா "பார்டர்ல காட்டு, அவங்க பார்த்துப்பாங்க"ன்னு ஒத்த வரியில முடிச்சுட்டாங்க.

எந்த தாள் எந்த இடத்துல போகும்? கார்னெட் மியூசிக் குழு கம்பெனி பேர்ல இருக்கு, நான் கையெழுத்து போடலாமா? இன்னொண்ணு, ட்ரெய்லர்ல ரெண்டு பெட்டி டி-சர்ட் இருக்கு, ஷோ நடக்குற இடத்துல விக்கிறதுக்காம், புக்குல இருக்குற சாமான் லிஸ்ட்ல தேடிப் பார்த்தேன் அது இல்ல. வண்டிக்கும் தனியா ஏதாவது பேப்பர் வேணுமான்னு யாராவது சொன்னா புண்ணியமா போகும்.

கேபின் அண்ணாச்சி:

தம்பி, நல்ல வேளை கிளம்புறதுக்கு முன்னாடி கேட்ட. "அவங்க பார்த்துப்பாங்க"ங்கற பேச்ச மட்டும் நம்பிராத, கார்னெட்ல யாரும் உன்ன நிறுத்தி ஸ்டாம்ப் போட்டு அனுப்ப மாட்டாங்க, நீயா வண்டிய ஓரங்கட்டி ஆபீஸ தேடிப் போய் கேட்டு வாங்கணும். கேட் திறந்து "போ போ"ன்னு கை காட்டுனாலும் போகக் கூடாது.

உன் ரூட்டுக்கு வரிசையா சொல்றேன், புக்க பக்கத்துல வச்சுக்கிட்டு படி. மஞ்சள் தாள் உன் சொந்த ஊர் கஸ்டம்ஸுக்கு, அதாவது கார்னெட் குடுத்த நாட்டுக்கு, வெளிய போறப்ப ஒண்ணு திரும்பி வர்றப்ப ஒண்ணு. வெள்ளை தாள் சாமான இறக்கி பயன்படுத்துற நாட்டுக்கு, உள்ள போறப்ப ஒண்ணு வெளிய வர்றப்ப ஒண்ணு. நீலம் சும்மா கடந்து போற நாட்டுக்கு, அதுலயும் நுழையறப்ப ஒண்ணு வெளியேறறப்ப ஒண்ணு.

டோவர் போறதுக்கு முன்னாடியே செவிங்டன் கஸ்டம்ஸ் செக் பண்ற இடத்துக்கு போ, எம்20 ரோட்டுல ஜங்ஷன் 10ஏ பக்கம் இருக்கு, ஆஷ்ஃபோர்டுகிட்ட. அங்கதான் மஞ்சள் தாள்ல எக்ஸ்போர்ட் ஸ்டாம்ப். பச்சை அட்டையிலயும் கஸ்டம்ஸ் கையெழுத்து போட்டு ஸ்டாம்ப் குத்த ஒரு கட்டம் இருக்கு, கார்னெட்ட முதல் தடவை எடுத்துட்டு போறப்ப அதையும் போட்டாத்தான் புக்குக்கு உயிர் வரும், நிறைய பேர் இத கவனிக்கறதில்ல. அப்புறம் கலேல இறங்குனதும் பிரெஞ்சு கஸ்டம்ஸ், வெள்ளை இம்போர்ட். அங்க பச்சை லேன் ஆரஞ்சு லேன்னு பிரிச்சு விடுவாங்க, ஸ்க்ரீன்ல உனக்கு எது காட்டுனாலும் சரி, நீ கஸ்டம்ஸ்கிட்ட போய்த்தான் ஆகணும். லியோன் ஷோ முடிஞ்சு ஜெனீவா போறப்ப பார்டோனே பார்டர்ல பிரெஞ்சுக்காரங்ககிட்ட வெள்ளை ரீ-எக்ஸ்போர்ட், உடனே சுவிஸ்காரங்ககிட்ட இன்னொரு வெள்ளை இம்போர்ட். சுவிஸ் ஐரோப்பிய யூனியன்ல இல்ல, அதனால அது தனி நாடு கணக்கு. பிரான்ஸ்ல இருந்து ஜெர்மனி, இத்தாலி போனா எதுவும் வேணாம், யூனியன் முழுக்க ஒரே கஸ்டம்ஸ் எல்லை.

திரும்புறப்ப சுவிஸ்ல வெள்ளை ரீ-எக்ஸ்போர்ட், பிரான்ஸுக்குள்ள நுழையறப்ப நீலம், ஏன்னா இப்ப அங்க ஷோ இல்ல சும்மா கடக்குற. கலேல கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி நீலத்தோட ரெண்டாவது தாள். இந்தப் பக்கம் வந்ததும் மறுபடி செவிங்டன், மஞ்சள் ரீ-இம்போர்ட். இப்ப புக்க எண்ணிப் பாரு, மஞ்சள் ஒரு செட், வெள்ளை ரெண்டு செட், நீலம் ஒரு செட் இருக்கணும். குறைஞ்சா கிளம்பாத, கார்னெட் குடுத்த சேம்பர்கிட்ட, அதான் வர்த்தக சங்கத்துகிட்ட, சொல்லி கூடுதல் தாள் வாங்கச் சொல்லு, பார்டர்ல நின்னுக்கிட்டு கேட்டா யாரும் தர மாட்டாங்க.

இன்னொண்ணு முக்கியம். ஆபீசர் பெரிய தாள கிழிச்சு எடுத்துக்குவார், புக்குலயே நிக்குற சின்ன துண்டு இருக்குல்ல, கவுன்டர்ஃபாயில், அதுலயும் ஸ்டாம்ப், தேதி, கையெழுத்து மூணும் இருக்கணும். கவுன்டர விட்டு நகர்றதுக்கு முன்னாடி அங்கயே நின்னு பாரு. இம்போர்ட் துண்டுல "இந்த தேதிக்குள்ள வெளிய கொண்டு போகணும்"னு ஒரு தேதி எழுதுவாங்க. கார்னெட் ஒரு வருஷத்துக்கு செல்லும்னு எல்லாரும் அதையே நினைச்சுட்டு இருப்பாங்க, ஆனா ஆபீசர் அதவிட கம்மியா எழுதிட்டா அந்த நாட்டுக்கு அதுதான் கெடு. டிரான்சிட் நீலத்துல இன்னும் கம்மியா இருக்கும்.

பேப்பர் வேலை:

சரக்கு அனுப்புற ஃபார்வர்டிங் வேலைல இருக்கேன், மத்த கேள்விக்கு நான் சொல்றேன்.

கையெழுத்து: அட்டையில ஹோல்டர், அதாவது கார்னெட் யார் பேர்ல இருக்கோ அவங்க, பேருக்கு கீழ "யார் மூலமா"ன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல உங்க பேர் இருக்கான்னு பாருங்க. இல்லன்னா ஹோல்டர் கம்பெனி லெட்டர்ஹெட்ல ஒரு அதிகாரக் கடிதம் வாங்குங்க, உங்க பேரு, பாஸ்போர்ட்டுல இருக்குற மாதிரியே, கார்னெட் நம்பர், "எங்க சார்பா கஸ்டம்ஸ்ல கையெழுத்து போடலாம்"னு ஒரு வரி, பொறுப்புல இருக்கவர் கையெழுத்து. ஒரிஜினல் பேப்பர கையில வச்சுக்கோங்க, போன்ல இருக்குற போட்டோவ ஒத்துக்காத ஆபீசர் உண்டு. ஒவ்வொரு வவுச்சர்லயும், அதான் ஆபீசர் கிழிச்சு எடுக்குற தாள்லயும், வண்டி நம்பர், எத்தனை பெட்டி, எந்தெந்த ஐட்டம் நம்பர் போகுதுன்னு கேட்கும், அத ஓட்டுறவர் எழுதி கையெழுத்து போடலாம். ஆபீசர் எழுத வேண்டிய பகுதியில மட்டும் பேனா வைக்காதீங்க.

டி-சர்ட்: இது நீங்க கேட்டதுலயே பெரிய விஷயம். கார்னெட்டுங்கறது போன சாமான் அப்படியே திரும்பி வரும்ங்கற வாக்குறுதி. விக்கிறது, தின்னு தீர்க்கறது, சும்மா குடுக்கறது எதுவும் அதுல ஏறாது. டி-சர்ட், சிடி, நோட்டீஸு எல்லாம் சாதா எக்ஸ்போர்ட், இம்போர்ட் டிக்ளரேஷன்ல போகணும், தனி இன்வாய்ஸ், தனி எண்ட்ரி. அந்த ரெண்டு பெட்டிய யாருக்கும் சொல்லாம ஓரத்துல வச்சுட்டு போனா, பரிசோதனையில கதவ திறந்தாங்கன்னா டிக்ளேர் பண்ணாத சரக்கு, பிடிபடறது அந்த நேரத்துல ஸ்டியரிங் பிடிச்சிருக்கவர். உங்க ஆபீஸ்கிட்ட தெளிவா சொல்லுங்க, ஒண்ணு டிக்ளரேஷன் போடட்டும், இல்ல இறக்கிட்டு போகட்டும். ஸ்மோக் மெஷினுக்கு ஊத்துற திரவம், ஒட்டுற டேப் இதெல்லாம் கூட செலவாகிப் போற பொருள்தான், அதையும் கேளுங்க.

ஒரு தடவை கார்னெட் அச்சாகி வந்துட்டா அந்த பொது லிஸ்ட்ல எதையும் சேர்க்க முடியாது. கம்மியா எடுத்துட்டு போகலாம், கூட எடுத்துட்டு போக முடியாது. லோடு ஏத்தறப்ப லிஸ்ட்ட கையில வச்சுக்கிட்டு சீரியல் நம்பர் சரி பாருங்க. ஆம்ப்ளிஃபையர் 12ன்னு லிஸ்ட்ல இருக்கும், வேர்ஹவுஸ்காரர் நல்ல எண்ணத்துல ஸ்பேர்னு 13வது ஒண்ணு போட்டு அனுப்புவார், அதுதான் பார்டர்ல மணிக்கணக்கா நிறுத்தும்.

இங்கிலாந்து கஸ்டம்ஸோட ஜிவிஎம்எஸ் சிஸ்டத்துல ஜிஎம்ஆர், அதான் போனுக்கு வர்ற அந்த பார்கோடு நம்பர், எடுக்கறப்ப கார்னெட்னு சொல்லி அந்த நம்பர போட்டுத்தான் எடுக்கணும், டி-சர்ட் டிக்ளரேஷன் நம்பரும் அதே ஜிஎம்ஆர்லதான் வரணும். சாதா லோடுக்கு எடுத்த பழக்கத்துல எடுத்துறாதீங்க.

மலைப்பாதை:

அண்ணாச்சி எல்லாம் சொல்லிட்டார், நான் நேரத்த மட்டும் சொல்றேன். சுவிஸ்ல ராத்திரி 10ல இருந்து காலைல 5 வரைக்கும் பெரிய லாரி ஓடக் கூடாது, ஞாயித்துக்கிழமையும் கிடையாது. ஷோ முடிஞ்சு விடிய விடிய லோடு ஏத்தி உடனே கிளம்பலாம்னு டூர்காரங்க திட்டம் போட்டிருப்பாங்க, முன்னாடியே சொல்லிருங்க. அதோட கார்னெட் ஸ்டாம்ப் போட ஆள் இருக்குற ஆபீஸ், திறந்திருக்குற நேரம் ரெண்டையும் பார்த்துத்தான் ரூட் போடணும். மேப் காட்டுற குறுக்கு வழியில கிராமத்துக்குள்ள ஒரு சின்ன பார்டர் வரும், அங்க சரக்கு பார்க்க ஆளே இருக்க மாட்டாங்க, நேரா உள்ள போயிடலாம், அப்படி போனா உங்க புக்குல சாமான் பிரான்ஸ விட்டு வெளிய போகவே இல்லன்னு அர்த்தம்.

நெடுஞ்சாலை மணி:

அண்ணா ரொம்ப நன்றி, எண்ணிப் பார்த்தேன், நீலமே ஒரு தாள்தான் இருக்கு, இப்பவே ஆபீஸுக்கு போன் போட்டு சொல்லிட்டேன். டி-சர்டுக்கும் ஏஜென்ட்ட பிடிக்கிறேன்னு சொல்லிருக்காங்க. ஒண்ணு மட்டும் புரியல, ஒரு ஸ்டாம்ப் விட்டுப் போச்சுன்னா என்ன ஆகும்? சாமான் எல்லாம் திரும்பி வந்துருச்சே, கண்ணால பார்க்கலாமே, அப்புறம் என்ன பிரச்சனை?

பேப்பர் வேலை:

கண்ணால பார்க்கறது இங்கிலாந்துக்காரங்க, கேள்வி கேட்கறது பிரான்ஸ். அவங்க கைல இம்போர்ட் வவுச்சர் இருக்கு, அதுக்கு ஜோடியான ரீ-எக்ஸ்போர்ட் வவுச்சர் வரல. அவங்கள பொறுத்தவரைக்கும் சாமான் அவங்க நாட்டுலயே வித்துப் போச்சு, வரி கட்டல. கார்னெட் கெடு முடிஞ்சதுல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள அவங்க கிளெய்ம் அனுப்பலாம். அது சேம்பருக்கு வரும், சேம்பர் ஹோல்டர கேட்கும், சாமான் வெளிய போச்சுன்னு நிரூபிக்க 6 மாசம் டைம். ஏடிஏங்கறதே அந்தந்த நாட்டு சேம்பர்கள் ஒண்ணுக்கொண்ணு ஜாமீன் நிக்கிற சங்கிலி, 1961 பிரசெல்ஸ் ஒப்பந்தத்துல இருந்து அப்படித்தான் ஓடுது, அதனாலதான் நீங்க பார்டர்ல டெபாசிட் கட்டாம உள்ள போக முடியுது.

நிரூபிக்க வழி இருக்கு. அடுத்த நாட்டுல போட்ட இம்போர்ட் ஸ்டாம்ப், இல்ல செவிங்டன்ல போட்ட மஞ்சள் ரீ-இம்போர்ட் ஸ்டாம்ப் இருந்தா அத ஆதாரமா காட்டலாம், ஆனா சரிசெய்யறதுக்கு ஒரு கட்டணம் வசூலிப்பாங்க. அதுவும் இல்லன்னா வரி, அபராதம் எல்லாம் ஹோல்டர் தலைல. எனக்கு தெரிஞ்ச ஒரு டிரைவருக்கு எங்கயோ ஒரு கவுன்டர்ல ஆபீசர் வவுச்சர கிழிச்சுக்கிட்டார், துண்டுல ஸ்டாம்ப் குத்தாம புக்க திருப்பி குடுத்துட்டார், இவரும் பின்னாடி நின்ன க்யூவ பார்த்து அவசரமா நகர்ந்துட்டார். நல்லவேளை சொந்த நாட்டுல போட்ட மஞ்சள் ஸ்டாம்ப் இருந்துச்சு, அத வச்சுத்தான் அந்த கிளெய்ம் முடிஞ்சுச்சு. அதனால கடைசி மஞ்சள் ஸ்டாம்ப எக்காரணம் கொண்டும் விடாதீங்க, களைப்பா இருக்கு நாளைக்கு பார்த்துக்கலாம்னு நேரா யார்டுக்கு ஓட்டிறாதீங்க. ஒவ்வொரு ஸ்டாம்பும் விழுந்த உடனே அந்த பக்கத்த போட்டோ எடுத்து ஆபீஸுக்கு அனுப்புங்க, ஏதாவது குறை இருந்தா நீங்க பார்டர தாண்டறதுக்கு முன்னாடியே அவங்க சொல்லிருவாங்க.

கேபின் அண்ணாச்சி:

வண்டி விஷயம் யாரும் சொல்லல பாரு. ஏடிஏ சாமானுக்கு மட்டும்தான், லாரி அதுல வராது. இந்த ரூட்ல லாரிக்குன்னு தனி கார்னெட் வேணாம், வழக்கமா வச்சிருக்குற வண்டி பேப்பர் போதும். சிபிடி கார்னெட்னு வண்டிக்கு ஒண்ணு இருக்கு, அது வேற நாடுகளுக்கு. டிஐஆர்னு சொல்றாங்களே அதுவும் வேற கதை, அது சீல் வச்ச ட்ரெய்லர் பல நாட்ட கடந்து போறதுக்கு, 1975 ஒப்பந்தம், வண்டிக்கே அதுக்குன்னு அப்ரூவல் சர்டிபிகேட் வேணும். ஆபீஸ்ல யாராவது ரெண்டையும் குழப்புனா நீ குழம்பிராத.

அப்புறம் மியூசிக் குழுன்னா ஒண்ணு கேட்டு வச்சுக்கோ, பழைய வயலின் வில்லு, பியானோ கட்டைல தந்தம் ஏதாவது இருக்கான்னு. இருந்தா கார்னெட் மட்டும் பத்தாது, அழியுற நிலையில இருக்குற உயிரினப் பொருளுக்கான சைட்டிஸ் பேப்பரும் வேணும்.

நெடுஞ்சாலை மணி:

தந்தம் எதுவும் இல்லன்னு சொல்லிட்டாங்க அண்ணா, எல்லாம் ஸ்பீக்கரும் லைட்டும்தான். கடைசியா ஒண்ணு, லியோன்ல ஏதாவது ஸ்பீக்கர் எரிஞ்சு போய் அங்கயே போட்டுட்டு வான்னு சொன்னாங்கன்னா?

பேப்பர் வேலை:

போட்டுட்டு வரக் கூடாது. எரிஞ்ச ஸ்பீக்கரா இருந்தாலும் லிஸ்ட்ல இருக்குற ஐட்டம், ஏத்திட்டு வாங்க, வேலை செய்யுதா இல்லையான்னு கஸ்டம்ஸ் கேட்காது, இருக்கான்னுதான் கேட்கும். அங்கயே அழிக்கணும்னா பிரெஞ்சு கஸ்டம்ஸ் முன்னாடி அழிச்சு எழுதி வாங்கணும், அது ஷோ நடுவுல ஆகிற காரியமில்ல. திருட்டு போனா உடனே போலீஸ் ரிப்போர்ட் வாங்கிருங்க, அப்பவும் வரி கட்டச் சொல்ல வாய்ப்பிருக்கு, அது ஹோல்டர் பார்க்க வேண்டியது. நீங்க பண்ண வேண்டியது பார்டர்ல அந்த ஐட்டம் நம்பர விட்டுட்டு மிச்ச நம்பர மட்டும் ரீ-எக்ஸ்போர்ட் தாள்ல எழுதறது. இல்லாத சாமான இருக்குன்னு எழுதி கையெழுத்து போட்டுறாதீங்க, அந்த கையெழுத்து உங்களோடது.