செயின் ஒரு இடத்துல இறுக்கம், இன்னொரு இடத்துல தொளதொள: எதை வச்சு அளக்க?

புளியரை_வளைவு:
அண்ணாச்சிமாரே, 125 சிசி வண்டி, 428 சைஸ் செயின். செங்கோட்டையில இருந்து ஆரியங்காவு வழியா புனலூருக்கு வாரம் மூணு நடை, பின்சீட்ல எப்பவும் பாரம். ஏத்தத்துல ஆக்சிலேட்டரை விட்டுத் திரும்ப முறுக்குனா ‘டக்’குனு ஒரு வெட்டு வெட்டுது. செயின் தொய்வை அளந்தா ஒரு இடத்துல 20 மி.மீ., வீலைச் சுத்துனா 38. மேனுவல்ல 20–30. அந்த 38ஐ 30க்கு இறுக்கவா, இல்ல ஒரு லிங்க்கை வெட்டிரலாமா?

தென்காசி_ஸ்பேனர்:
38ஐப் பார்த்து இறுக்காதீங்க தம்பி. லூசான இடம் 30க்கு வந்தா இறுக்கமான இடம் 12க்குப் போயிரும். பாரம் ஏறுனா பின் வீலைத் தாங்குற ஸ்விங் ஆர்ம் மேல எழும்பும். முன் ஸ்ப்ராக்கெட் (செயின் மாட்டுற பல்சக்கரம்), ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் ஆக்சில் மூணும் ஒரே கோட்டுக்கு வரும்போதுதான் செயினுக்கு அதிக நீளம் வேணும். அப்ப தொய்வு மிச்சம் இல்லைன்னா இழுப்பு முழுக்க கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்குக்கும் வீல் பேரிங்குக்கும் போகும். ஆயில் சீலும் ஒழுக ஆரம்பிக்கும்.

இஞ்சினை நிப்பாட்டி நியூட்ரல்ல போடுங்க. எந்த ஸ்டாண்டுல அளக்கணும்னு மேனுவல் சொல்லுதோ அதுலதான் அளக்கணும், மாத்துனா கணக்கு மாறும். கீழ்ச் செயின்ல ரெண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவுல ஸ்கேலை வச்சு, விரலால கீழ அமுக்கி ஒரு அளவு, மேல தள்ளி ஒரு அளவு, வித்தியாசம்தான் தொய்வு. ஒரு சுத்து பத்தாது. பின் ஸ்ப்ராக்கெட்ல 42 பல்லு, செயின்ல 116 லிங்க்னு வச்சுக்கோங்க, செயின் ஒரு முழுச் சுத்து வர வீல் ஏறக்குறைய மூணு தடவை சுத்தணும். இறுக்கமான இடத்துக்குச் சாக்பீஸ் கோடு போடுங்க. அந்த இறுக்கம் வீல் சுத்துற ஒவ்வொரு தடவையும் வந்தா பின் ஸ்ப்ராக்கெட்டோ ஹப்போ கோணல். மூணு சுத்துக்கு ஒருக்கா வந்தா கோளாறு செயின்லயே.

கடையம்_428:
வெட்டுறது வேண்டாம். லிங்க்கைக் கோக்குற பின்னும் (pin) அதைச் சுத்தி இருக்குற புஷ்ஷும் தேய்ஞ்சு ஒவ்வொரு லிங்க்கும் நீண்டிருக்கும். ஒண்ணைக் கழிச்சாலும் மத்தது பல்லுல சரியா உக்காராது. செயினை நீட்டிப் பிடிச்சு 20 லிங்க் அளங்க, அதாவது முதல் பின் நடுவுல இருந்து 21ஆவது பின் நடு வரை. புதுசுல 254 மி.மீ. 259 தாண்டுனா கதை முடிஞ்சுது. மூணு இடத்துல அளக்கணும், தேய்மானம் ஒரே மாதிரி இருக்காது.

புளியரை_வளைவு:
ஒரு இடத்துல 256, இன்னொரு இடத்துல 261. இறுக்கம் மூணு சுத்துக்கு ஒருக்காதான் வருது.

தென்காசி_ஸ்பேனர்:
அப்ப செயின், முன் பின் ஸ்ப்ராக்கெட் மூணையும் சேர்த்தே மாத்துங்க. கொக்கி மாதிரி வளைஞ்ச பழைய பல்லு புதுச் செயினைச் சீக்கிரமே தின்னுரும். செயின் முனைகளை இணைக்கிற லிங்க்ல இருக்குற லாக் கிளிப்போட மூடுன முனை செயின் ஓடுற திசையைப் பார்க்கணும். மேல்ச் செயின் முன்னால ஓடும், கீழ்ச் செயின் பின்னால. இதுலதான் பலபேர் ஏமாறுறாங்க.

அட்ஜஸ்ட் பண்ணும்போது ஆக்சில் நட்டோட, ஸ்ப்ராக்கெட் பக்கம் ஸ்லீவ் நட்டு இருந்தா அதையும் தளர்த்தணும். ரெண்டு பக்கமும் கால் கால் சுத்தா, ஒரே அளவு. ஆக்சில் 1 மி.மீ. நகர்ந்தாலே தொய்வு நல்லாக் குறையும். ஸ்விங் ஆர்ம்ல இருக்குற அளவுக் கோடுகளை மட்டும் நம்பாம, ஸ்விங் ஆர்ம் போல்ட் நடுவுல இருந்து ஆக்சில் நடு வரை ரெண்டு பக்கமும் அளந்து பாருங்க. நட்டை இறுக்குன பிறகு திரும்ப அளக்கணும், சில சமயம் இழுத்துரும்.

டிரம் பிரேக்னா வீல் பின்னால போகப் போக பிரேக் ராடும் இழுபடும். பெடல் ப்ளேயை (பிரேக் பிடிக்கிறதுக்கு முன்னால பெடல் சும்மா அமுங்குற அளவு) திரும்ப வைக்கலைன்னா பிரேக் உரசிக்கிட்டே ஓடி, இறக்கத்துல டிரம் கொதிச்சுரும்.

புனலூர்_தமிழன்:
சாரல் சீசன்ல இந்த ரோட்டுல 500 கி.மீ.னு காத்திருக்காதீங்க, நனைஞ்ச அன்னைக்கே எண்ணெய் போடுங்க. மண்ணெண்ணெய்ல துடைச்சு, காய்ஞ்சதும் 90 கியர் ஆயிலை கீழ்ச் செயினோட உள்பக்கம் விட்டா, ஓடும்போது வெளிப்பக்கம் தானா பரவும். ராத்திரி விட்டுட்டுக் காலையில மிச்சத்தைத் துடைங்க. ஓ ரிங் (லிங்க்குக்குள்ள ரப்பர் வளையம் வச்ச) செயின்னா பெட்ரோலும் கம்பி பிரஷும் கூடாது. வீலைக் கையாலதான் சுத்தணும். கியர்ல ஓட விட்டுத் துணியால துடைக்கிறவன் விரல் ஸ்ப்ராக்கெட்டுக்குள்ள போயிரும்.

புதுச் செயின் முதல் சில நூறு கி.மீ.ல கொஞ்சம் தொய்யும், திரும்ப அளந்துக்கோங்க.