எல்லா என்சைமும் கலந்த மாத்திரை வாயுவுக்குக் கேட்குமா?

பயறுப்பிரியன்:
மதியம் பயறு சாப்பிட்டால் சாயந்தரத்துக்குள் வயிறு உப்பி, பேன்ட் பொத்தானைத் தளர்த்திக்கொண்டுதான் உட்கார வேண்டியிருக்கிறது. கடையில் ஒரு என்சைம் (உணவை உடைத்துச் செரிக்கவைக்கும் பொருள்) மாத்திரை கொடுத்தார்கள். அட்டையில் அமைலேஸ், லைபேஸ், புரோட்டியேஸ், பப்பைன் என்று நீளமான பட்டியல். ராத்திரி படுக்கும் முன் ஒன்று போடுகிறேன், பலன் தெரியவில்லை. இரண்டாக்கலாமா?

மருந்தாளுநர்:
கூட்டாதீர்கள், மாத்திரையை மாற்றுங்கள். தினமும் கவுண்டரில் நிற்கிறவன் நான்; பட்டியல் நீள நீள எனக்குச் சந்தேகம்தான் வரும். மாவுச்சத்து, கொழுப்பு, புரதத்தைச் செரிக்கவைக்கும் அமைலேஸ், லைபேஸ், புரோட்டியேஸ் மூன்றையும் உங்கள் கணையமே தேவைக்கு மேல் சுரக்கிறது. கணையம் பழுதானவர்களுக்கு அவை அவசியம், டாக்டர் எழுதித் தருவார். உங்கள் சிக்கல் வேறு.

பயறில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கும் என்சைம் மனிதச் சிறுகுடலில் கிடையாது. அப்படியே பெருங்குடலுக்குப் போகும். அங்குள்ள பாக்டீரியாவுக்கு விருந்து. அது புளிக்கவைத்துக் கிளப்பும் ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும்தான் உங்கள் உப்பல். இதற்கு அட்டையில் தேட வேண்டிய பெயர் ஆல்ஃபா கேலக்டோசிடேஸ். மில்லிகிராமைப் பார்த்து ஏமாறாதீர்கள், என்சைமின் வலு யூனிட்டில்தான் தெரியும்.

அப்புறம், முதல் வாய் சாப்பாட்டோடு போட வேண்டும். மதியம் தின்ற பயறுக்கு ராத்திரி மாத்திரை போட்டு என்ன பயன்? கொதிக்கும் சாப்பாட்டில் பொடித்துத் தூவவும் வேண்டாம், சூட்டில் என்சைம் செயலிழந்துவிடும். இது பூஞ்சையிலிருந்து எடுப்பது. பூஞ்சை அலர்ஜி இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

பயறுப்பிரியன்:
நன்றி. பாலுக்கும் வெங்காயத்துக்கும் இதே போதுமா?

மருந்தாளுநர்:
பாலுக்கு, பால் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் என்ற வேறு என்சைம். வெங்காயம், பூண்டில் இருப்பது ஃப்ரக்டான் என்ற வேறு வகைச் சர்க்கரைச் சங்கிலி. ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் அதைத் தொடாது. குறைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள்.

ஊறவைப்பவர்:
நான் மாத்திரை பக்கமே போவதில்லை. பயறை ராத்திரி ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைக்கிறேன். முழுசாகப் போகாது, ஆனால் பொத்தான் நிற்கிறது!

மருந்தாளுநர்:
சரியான வழி. அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும்.

மகள்:
அப்பா சர்க்கரை நோய்க்கு அகார்போஸ் என்ற மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கும் வாயுத் தொல்லை. என்சைம் வாங்கித் தரலாமா?

மருந்தாளுநர்:
நீங்களாகத் தராதீர்கள். மாவுச்சத்து வேகமாக உடையாமல் தடுப்பதுதான் அகார்போஸின் வேலை. என்சைம் மாத்திரை அதைக் கெடுக்கக்கூடும். அதோடு, வாயு அந்த மருந்தின் வழக்கமான பக்கவிளைவு. உடையாத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய் அதே கதைதான் நடக்கிறது. டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பதா மருந்தை மாற்றுவதா என்று அவர் பார்ப்பார். எடை காரணமில்லாமல் இறங்குகிறது, மலத்தில் ரத்தம் என்றால் அந்தச் சந்திப்பைத் தள்ளிப்போடவே கூடாது.