ரைபிளில் சுட்ட 100 மீட்டர் டார்கெட் பேப்பரில் உங்களை உறுத்திய குரூப் எது? (அனுபவப் பகிர்வு)

பத்தாங்கட்டை

பெஞ்ச், மணல் பை, ஜீரோ (ஸ்கோப்ங்கிற குறிநோக்கியைக் குண்டு விழுற இடத்தோட ஒத்துப்போக வைக்கிறது) எல்லாம் இங்க எல்லாருக்கும் தெரியும், நேரா பேப்பருக்கு வர்றேன். 308 (தோட்டா வகை) போல்ட் ரைபிள், கனமான பேரல், 168 கிரெய்ன் எடை குண்டு உள்ள தோட்டா, எல்லாம் ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி). காலை எட்டரை மணி. லாப்பாங் (சுடுதளம்) ஓரத்துல செம்பனை ஓலை அசையல, கொடியும் தொங்கித்தான் கிடந்துச்சு. முதல் 3 குண்டோட குரூப், அதாவது அதிகம் விலகின ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல உள்ள தூரம், 19 மி.மீ. மூணு ஓட்டையும் பக்கத்துப் பக்கத்துல, பார்க்கவே அழகு. அதே பேப்பர்ல 10 முடிஞ்சப்போ 46. குண்டுக்கு ஒரு நிமிஷம் இடைவெளி, பேரலைக் கையால தொட முடியுற சூடுதான். பின்ன ஏன்?

கணக்கப்பிள்ளை

இதில் 'ஏன்' என்று கேட்க எதுவும் இல்லை. 3 குண்டு குரூப் என்பது ஜாதகம் பார்ப்பது மாதிரி. அதே ரைபிள், அதே தோட்டா, எதுவும் மாறவில்லை என்று வைத்துக்கொண்டாலும் 5 குண்டு குரூப் சராசரியாக 3 குண்டு குரூப்பைவிடக் கால் பங்குக்கு மேல் பெரிசாக வரும். 10 குண்டு என்றால் ஒன்றரை மடங்குக்கும் மேல். ரைபிள் கெட்டுப்போகவில்லை, எண்ணிக்கை கூடியிருக்கிறது, அவ்வளவுதான். எம்.ஓ.ஏ. என்பது கோண அளவு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு; 100 மீட்டரில் 1 எம்.ஓ.ஏ. 29 மி.மீ. சொச்சம். 46 என்றால் ஒன்றரைக்குச் சற்று மேல். 300 மீட்டர் போட்டிப் பேப்பரில் 10-ஆம் வளையம் 100 மி.மீ., அதாவது 1.15 எம்.ஓ.ஏ. அதற்கு இது பத்தாது, மற்றதற்குத் தாராளம்.

நிஜமான அளவு வேண்டுமானால் ஒரு வழி இருக்கிறது. பெரிய வெள்ளைத் தாள் ஒன்றைப் பலகையில் நிரந்தரமாக ஒட்டிவிடுங்கள். அதன்மேல் சின்ன டார்கெட்டை ஒரே குறியில் பொருத்தி 5 குண்டு, கழற்றி, அடுத்த டார்கெட் மாட்டி இன்னொரு 5. நாலு டார்கெட் முடிந்ததும் பின்தாளில் 20 ஓட்டையும் ஒன்றாக நிற்கும். முன்தாள் ஒவ்வொன்றும் ஒரு கதை சொல்லும், பின்தாள் ஒரே கதைதான் சொல்லும். அளக்கும்போது இரண்டு ஓரங்களின் வெளிவிளிம்பை அளந்து குண்டின் விட்டத்தைக் கழியுங்கள், 308-க்கு 7.8 மி.மீ. ஈரக் காற்றில் தாள் நமத்துப் போனால் ஓட்டை விளிம்பு பிய்ந்து நார்நாராக நிற்கும், அங்கேயே 1 மி.மீ. தவறு வரும். கெட்டி அட்டை போட்டால் தப்பிக்கலாம்.

பால்மரத்தடி

மரக் கட்டை (பேரலைத் தாங்குற பிடிப்பாகம்) உள்ள ரைபிள் வச்சிருக்கவங்களுக்கு இது. நான் பார்த்தது ஒரு பழைய 30-06 ரைபிள். காலையில நல்லாத்தான் அடிச்சது. நாலு மணி மழை வந்து நின்னதும் அதே ஜீரோ, அதே ஆள், குண்டெல்லாம் இடது மேல் பக்கமா 5 செ.மீ. போய் விழுது. ஸ்கோப்தான் போச்சுன்னு எல்லாரும் சத்தியம் பண்ணினாங்க.

ஒரு வெள்ளி (ரிங்கிட்) நோட்டை எடுத்து மடிச்சு, பேரலுக்கும் கட்டைக்கும் நடுவுல விட்டுப் பார்த்தா, முனையில இருந்து ரெண்டு விரல் கூட உள்ளே போகல. வலது பக்கம் கட்டை ஊதி பேரலை முட்டிக்கிட்டு நிக்குது. அந்த நோட்டு பிளாஸ்டிக், கிழியாது, அதனால கொஞ்சம் அழுத்தியே இழுத்துப் பார்க்கலாம். நோட்டு எங்க நிக்குதோ அங்க பென்சில்ல கோடு, அப்புறம் ஒரு குச்சியில உப்புத்தாளைச் சுத்தி அந்த இடத்தை மட்டும் தேய்க்கணும். தேய்ச்ச இடத்துல பூச்சில்லாத வெறும் மரம் தெரியும், சீலர் (ஈரம் ஏறாம தடுக்கிற பூச்சு) அடிக்காம விட்டா அடுத்த மழைக்கு இன்னும் அதிகமா ஊதும். அந்தக் கடைசி வேலையைத்தான் பல பேரு விட்டுடறாங்க.

குளுவாங் அண்ணன்

மேலே தம்பி சொன்னது சரி, ஆனா பாதிதான். நோட்டு தாராளமா ஓடுற ரைபிளும் மழைக்குப் பின்னால இடம் மாறும். கட்டை ஊதினா ஆக்‌ஷன் ஸ்க்ரூவோட (பேரல் மாட்டின இரும்பு உடலைக் கட்டையோட பிணைக்கிறது) இறுக்கமும் மாறிடும்ல? மொதல்ல அதைப் பாருங்க. அலுமினிய பெடிங் (ரைபிள் உடல் உட்காருற படுக்கை) உள்ள கட்டையில 65 இஞ்ச்-பவுண்ட், அதாவது 7.3 நியூட்டன் மீட்டர். வெறும் மரம்னா 40 பக்கத்துல நிறுத்திக்கணும், 65 போட்டா மரம் நசுங்கும். முன் ஸ்க்ரூ முதல்ல, பின் ஸ்க்ரூ அடுத்து. இறுக்குறதுக்கு முன்னாடி ரைபிளை நிமிர்த்தி, தோள்ல வைக்கிற பின்முனையை ரப்பர் விரிப்பு மேல ஒரு தட்டு தட்டுங்க, ரீகாயில் லக் (உதையைக் கட்டைக்குக் கடத்துற பல்) பின்னாடி போய் ஒழுங்கா உட்காரும். கையால 'நல்லா இறுக்கிட்டேன்'ங்கிற கதையே வேணாம். ஸ்கோப் வளையத்து மூடி ஸ்க்ரூ 15-லருந்து 18 இஞ்ச்-பவுண்ட். இதுக்கு மேல போனா குழாய் நசுங்கி, உள்ளே லென்ஸ் நகர்ற இடமே பிடிச்சுக்கும்.

கேட்காமலே இன்னும் சொல்றேன். முன் மணல் பை பேரலுக்கு அடியில வரவே கூடாது, கட்டையோட முன்பகுதிக்கு நடுவுல வரணும். வார் மாட்டுற கொண்டி பையில முட்டாம ஒரு விரல் தள்ளியே இருக்கணும். முட்டினா ஒவ்வொரு உதைக்கும் ரைபிள் எகிறி, குரூப் செங்குத்தா நீளும். பைபாட் (ரெண்டு கால் தாங்கி) போட்டு சிமெண்ட் பெஞ்ச்ல அடிச்சாலும் அப்படித்தான் துள்ளும், அடியில பழைய கார்ப்பெட் துண்டு ஒண்ணு போடுங்க. பின் பைய இடது கையால பிசைஞ்சு உயரம் வைங்க, ரைபிளைப் பிடிச்சு அழுத்தாதீங்க. ட்ரிகர் இழுத்ததும் தலையைத் தூக்கி ஓட்டையைத் தேடாதீங்க. ஸ்கோப்புக்குள்ள தெரியுற கிராஸ் (குறுக்குக் கோடு) திரும்பி வந்து குறியிலயே உட்காருதான்னு பாருங்க. வேற பக்கம் போய் நின்னா உடம்பு ரைபிளைத் தள்ளியிருக்குன்னு அர்த்தம். அடுத்த தோட்டாவுக்குப் போல்ட்டை இழுத்துத் தள்ளும்போதும் கன்னத்தை எடுக்காதீங்க. பசியாறாம வந்து பெஞ்ச்ல உட்காரவும் செய்யாதீங்க, கை நடுங்கும், அப்புறம் ரைபிள் மேல பழி வரும்.

ரவாங் 223

சுருக்கமா. 1-க்கு 12 இஞ்ச் முறுக்கு (பேரலுக்குள்ள உள்ள சுழல் வரி 12 இஞ்சுக்கு ஒரு சுத்து) உள்ள 223 பேரல்ல 69 கிரெய்ன் குண்டு போட்டா என்ன ஆகும்னு பேப்பர்ல பார்த்ததை மறக்க முடியல. வட்ட ஓட்டையே இல்ல. குண்டு படுத்துக்கிட்டுப் போன மாதிரி நீள்ஓட்டை, அதுல குண்டோட மூக்கு, உடம்பு, வால் எல்லாம் அச்சா தெரியுது. 55-க்கு மேல போக அந்த முறுக்கு தாங்காது. 69-ம் 77-ம் வேணும்னா 1-க்கு 8, இல்ல 7. அந்தப் பேப்பரைப் பார்த்தப்புறம்தான் எல்லாரும் பேரல் மேல என்ன பொறிச்சிருக்குன்னு குனிஞ்சு படிச்சாங்க.

கணக்கப்பிள்ளை

குளுவாங் அண்ணே, டோர்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து இறுக்கும் சாவி) எல்லாம் சரி. பத்தாங்கட்டைக்கு நீங்கள் சொன்னதில் எது பொருந்தும்? அவர் ரைபிளில் கோளாறே இல்லை என்றுதான் நான் சொல்கிறேன்.

ஆத்தங்கரை

ஸ்கோப் பக்கம் ஒரு சம்பவம். 22 ரிம்ஃபயர் (சின்னத் தோட்டா) ரைபிளுக்கு வந்த ஸ்கோப்பைக் கழற்றி 223 மேல் மாட்டியிருந்தார்கள். ரைபிள் இரண்டு பைகள் மேல் அசையாமல் கிடக்கிறது, யாரும் தொடவில்லை. கண்ணை மட்டும் இடது வலதாக நகர்த்தினால் கிராஸ் கறுப்பு வட்டத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் பல்லி மாதிரி ஓடுகிறது. இதுதான் பாரலாக்ஸ். அந்த வகை ஸ்கோப் பெரும்பாலும் 50 கஜத்துக்குச் சரிசெய்தது. 40 மி.மீ. முன் லென்ஸ் என்றால், 100 மீட்டரில் கண் நடுவை விட்டு விலகும்போது மிஞ்சிப்போனால் 24 மி.மீ. வரை தவறலாம். கன்னம் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் உட்காராதவனுக்கு அது ஒரு முழு எம்.ஓ.ஏ.வையே தின்றுவிடும். பக்கத்தில் திருகு உள்ள ஸ்கோப் என்றால் அதில் எழுதியிருக்கும் 100-ஐ நம்பாமல், தலையை ஆட்டிப் பார்த்து கிராஸ் நிற்கும் இடத்தில் வையுங்கள். எழுத்தும் நிஜமும் பல ஸ்கோப்பில் ஒத்துப்போவதில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். பத்தாங்கட்டை, நீங்கள் அளவை மட்டும் சொன்னீர்கள். 10 ஓட்டையும் எந்த வடிவத்தில், எந்த வரிசையில் விழுந்தன?

பத்தாங்கட்டை

ஸ்பாட்டிங் ஸ்கோப்ல பார்த்து ஒவ்வொண்ணையும் தாள்ல நம்பர் போட்டு வச்சிருக்கேன். ரெண்டு கொத்து. 1, 2, 3, 7, 8 கீழே. 4, 5, 6, 9, 10 மேலே வலது பக்கம். நடுவுல ஒண்ணுமே இல்ல.

ஆத்தங்கரை

அப்படியானால் கணக்குப்படி வந்த பரவல் இல்லை இது. சூடும் இல்லை. பேரல் சூடானால் ஓட்டைகள் ஒரே திசையில் ஊர்ந்து போகும், திரும்பி வராது. நோட்டுத் தடையும் இப்படித் தாவித் தாவி வராது. இரண்டு இடத்துக்கும் மாறி மாறிப் போய் உட்காருகிறது என்றால் ஏதோ ஒன்று இரண்டு நிலைகளில் உட்காருகிறது. ஸ்கோப்புக்கு உள்ளே, அல்லது அதற்குக் கீழே. முதலில் கீழே பாருங்கள். பேஸ் (ஸ்கோப் வளையம் உட்காரும் அடித்தகடு) ஸ்க்ரூ நான்கையும் கழற்றி ஒவ்வொன்றின் நீளத்தையும் அளங்கள். ஓட்டையின் ஆழத்தைவிட ஸ்க்ரூ நீளமாக இருந்தால் முனை அடியில் முட்டி நின்றுவிடும். ரெஞ்சில் 'டிக்' என்று சத்தம் வரும், இறுகியது போலவே இருக்கும், ஆனால் பேஸ் அப்படியே ஆடும். மாட்டும்போது ஸ்க்ரூ ஓட்டையில் எண்ணெயும் இருக்கக் கூடாது.

பேஸ் சரி என்றால் அடுத்து ஸ்கோப். குறியை மாற்றாமல் ஸ்கோப் திருகில் 20 கிளிக் மேலே, 20 வலது, 20 கீழே, 20 இடது, ஒவ்வொரு மூலையிலும் 2 குண்டு. கால் எம்.ஓ.ஏ. கிளிக் என்றால் சதுரத்தின் பக்கம் 145 மி.மீ. வர வேண்டும். கடைசி 2 ஆரம்பித்த இடத்துக்கே திரும்பவில்லையென்றால் ஸ்கோப்பைக் கழற்றிக் கடைக்குக் கொடுங்கள்.

கணக்கப்பிள்ளை

வரிசையை முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். இருந்தாலும் 10 குண்டு அடித்ததால்தானே இது தெரிந்தது? 3-உடன் நிறுத்தியிருந்தால் 19 மி.மீ. என்று சட்டம் போட்டு மாட்டியிருப்பீர்கள்.

குளுவாங் அண்ணன்

தோட்டா நாம நெனச்ச அளவுக்கு வாங்குற சாமான் இல்ல, உரிமத்தோட கட்டின சங்கதி. நினைச்சப்பல்லாம் 20 அடிக்கச் சொல்றது லேசு. பேஸைத் தொடுற வேலைக்கு ஆயுதக் கிடங்குல உள்ளவரை வச்சுக்கோங்க, போல்ட்டைக் கழற்றி வெளிய வச்சுட்டுத் தொடங்குங்க.

பத்தாங்கட்டை

கழற்றியாச்சு. மூணு ஸ்க்ரூ ஒரே நீளம். முன்னாடி கோடியில உள்ளது மட்டும் மத்ததைவிட கால் மி.மீ. கூட, முனையில பளபளன்னு ஒரு வட்டத் தேய்மானம். அந்த ஓட்டை பேரலைத் திருகி மாட்டுற மரை மேல வருது. விளக்கு வச்சுப் பார்த்தா அங்கயும் அதே அளவுக்கு ஒரு புள்ளி மின்னுது. கழற்றுறதுக்கு முன்னாடி பேஸை விரலால அழுத்தினப்போ முன்பக்கம் முடி அளவு எண்ணெய் பிதுங்கி வந்துச்சு, விட்டா உள்ளே போச்சு.

ஸ்க்ரூவை அரத்துல ரெண்டு இழுப்பு குறைச்சு, நாலு ஓட்டையையும் துடைச்சு, திரும்ப மாட்டியாச்சு. பேப்பர் சனிக்கிழமைதான், மழை விட்டா.