இஞ்சின் பிரிச்சப்போ கேம் மாத்துனவங்க வாங்க, பட்டதைச் சொல்லுங்க

டெக்சாஸ் மதுரைக்காரன்:

நானே ஆரம்பிக்கிறேன். ஹூஸ்டன் பக்கம் இருக்கேன். 1984 செவ்ரலே சி-10 பிக்கப். 350 வி8, நாலு பேரல் கார்புரேட்டர், 700ஆர்4 ஆட்டோ கியர், பின்னாடி 3.08 ஆக்சில். சனி ஞாயிறுல டிரெய்லர் கட்டி இழுக்கிற வண்டி. இதையெல்லாம் ஏன் முதல்லயே சொல்றேன்னா, கேம் (வால்வைத் திறந்து மூட வைக்கிற கேம்ஷாஃப்ட்) வாங்குறப்போ இதுல ஒண்ணைக்கூட நான் யோசிக்கல.

சிலிண்டர் போர் தேஞ்சு புகை தள்ள ஆரம்பிச்சதும் இஞ்சினை இறக்கி, 30 தவ் (ஒரு தவ்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு) போர் ஏத்தினேன். புது பிஸ்டன், ரிங், பேரிங். "இவ்வளவு செஞ்சிட்டோம், கேமும் கொஞ்சம் பெருசா போட்டுருவோம்"னு ஒரு ஆசை. வால்வ் திறந்து கிடக்கிற காலம், 0.050 அங்குலத் தூக்கல்ல அளந்தா 230 டிகிரி, லிஃப்ட் 0.480 அங்குலம், லோப் (கேம்ல இருக்கிற புடைப்பு) இடைவெளி 110 டிகிரி. காரணம் ஒண்ணே ஒண்ணுதான்: ஐடில்ல நொண்டி நொண்டி உறுமுற அந்தச் சத்தம். சத்தம் என்னவோ அருமையாத்தான் இருந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரர் காபி கப்போட வெளியே வந்து நின்னு கேட்டார்.

ரோட்டுல ஏறினதும் குட்டு உடைஞ்சது. 3.08 ஆக்சிலும் ஓவர் டிரைவும் சேர்ந்தா ஹைவேல இஞ்சின் 1,700, 1,800லதான் சுத்தும். என் கேமுக்கு உயிர் வர்றதே 3,000க்கு மேல. இன்டேக் வால்வ் லேட்டா மூடுறதால, பிஸ்டன் மேலே ஏறும்போது உள்ள வந்த காத்துல ஒரு பங்கைத் திரும்ப மேனிஃபோல்டுக்கே தள்ளிருது. வேகத்துல காத்துக்கு ஒரு ஓட்டம் இருக்கு, அது எதிர்த்து நிக்கும். மெதுவா போறப்போ நிக்காது. அதுவும் என்னோடது எட்டே சொச்சம் கம்ப்ரஷன் இருக்கிற பழைய இஞ்சின். இருந்த அழுத்தமும் போச்சு. டிரெய்லரோட ஒரு மேம்பாலம் ஏற கியர் ரெண்டு தடவை இறங்குது. ஐடில்ல வேக்கம் 11 அங்குலம்தான், பிரேக்குக்குத் துணை நிக்கிறதே அந்த வேக்கம்தான், அதனால பெடல் கல்லு மாதிரி இருக்கு. வீட்டம்மா ஒரு தடவை ஓட்டிட்டு சாவியை என் கையில குடுத்துட்டாங்க.

இதுக்கே மாத்தியிருக்கணும். மாத்தல. கேம் தானா செத்துச்சு.

தப்பு என்னோடதுதான். இந்தப் பழைய இஞ்சின்ல டேப்பெட் (லோப் மேல உக்காந்து வால்வுக்குத் தள்ளு குடுக்கிற துண்டு) எல்லாம் ரோலர் இல்லாத தட்டை டேப்பெட். புது கேம் போட்டு ஸ்டார்ட் பண்ணதும் ஐடில்ல விடவே கூடாது. 2,000லருந்து 2,500க்குள்ள ஏத்தி இறக்கி, இருபதுலருந்து முப்பது நிமிஷம் ஓட்டணும். கிராங்க் சுத்தி வீசுற எண்ணெய்தான் லோபுக்கு, ஐடில்ல அது பத்தாது. நான் என்ன செஞ்சேன்? கார்புரேட்டர்ல பெட்ரோல் ஒழுகுச்சு, நிறுத்தினேன். டைமிங் லைட் பிடிச்சேன், ஐடில்ல விட்டேன். மறுபடி நிறுத்தினேன். கடையில கைக்குக் கிடைச்ச சாதாரண கார் எண்ணெய் ஊத்தியிருந்தேன், இதுக்கு வேண்டிய துத்தநாகம் அதுல குறைவு. ரெண்டு வாரத்துல டிக் டிக் டிக். வால்வ் கவரைக் கழட்டிப் பார்த்தா ஒரு ராக்கர் (வால்வை அழுத்துற கை) மட்டும் பேருக்கு அசையுது. ஆயில் ஃபில்டரை அறுத்து விரிச்சேன், மடிப்புக்கு மடிப்பு ஜிகினா தூவின மாதிரி இரும்பு. புது பேரிங்ல எல்லாம் அது ஓடியாச்சு. மறுபடி முழுசா பிரிக்க வேண்டியதாப் போச்சு.

ரெண்டாவது தடவை பேராசை இல்ல. இன்டேக் 204, எக்ஸாஸ்ட் 214, லிஃப்ட் 0.420, 0.442, இடைவெளி 112. கூடவே 16 டேப்பெட்டும் புதுசு, அதுக்கேத்த ஸ்பிரிங், லோப் பூரா பேஸ்ட், துத்தநாகம் தூக்கலா இருக்கிற எண்ணெய். கார்புரேட்டரையும் டைமிங்கையும் முன்கூட்டியே சரி பண்ணி வச்சுட்டு ஸ்டார்ட் பண்ணி 25 நிமிஷம் ஓடவிட்டேன். வேக்கம் 19க்கு வந்திருச்சு.

உண்மையான வித்தியாசம் குடுத்தது ஹெட்டுதான். 1996லருந்து 2000 வரைக்கும் வந்த டிரக்குகள்ல இருக்கிற வார்டெக் ஹெட், வார்ப்பு எண் 906ல முடியும். பழைய வண்டி உடைக்கிற யார்டுல கிடைச்சது. பழைய ஹெட்ல அறை 76 சிசி, இதுல 64. அதுலயே கம்ப்ரஷன் ஒரு புள்ளி ஏறிருச்சு. ஆனா அதோட வால் நீளம்: இன்டேக் மேனிஃபோல்டு வேற வாங்கணும், பழசுக்கு 12 போல்ட், இதுக்கு 8. ராக்கர் வேற, வால்வ் கவர் வேற. இன்னொண்ணு, லேத்துல குடுத்து மாத்தி அமைக்காம இந்த ஹெட் 0.460க்கு மேல லிஃப்ட் தாங்குறது சந்தேகம். என் முதல் கேமைப் போட்டிருந்தா ரிட்டெய்னர் (வால்வ் ஸ்பிரிங்கைப் பிடிக்கிற மூடி) போய் வால்வ் கைடுல இடிச்சிருக்கும்.

சங்ககிரி 2518:

வணக்கம்ங்ணா. படிச்சுப்போட்டு சிரிச்சேன், அப்புறம் என் கதை ஞாபகம் வந்துச்சுங்க.

நம்முளுது டாடா 2518 லாரி, கம்மின்ஸ் 6பிடி டீசல் இஞ்சின். எங்களுக்கு 204ஆ 230ஆன்னு கேக்குற பாக்கியமெல்லாம் இல்லீங்க. கம்பெனி கேம், கம்பெனி மாதிரி கேம், அரைச்ச கேம், இந்த மூணுல ஒண்ணு. டர்போ டீசலுக்கு அதுவே போதும்ங்க. ரெண்டு வால்வும் ஒரே நேரத்துல ரொம்ப நேரம் திறந்து கெடந்தா டர்போ குடுக்குற காத்து சும்மா வெளிய போயிரும்.

எனக்கு ஆனது என்னன்னா, தொப்பூர் ஏத்தத்துல வண்டி முன்ன மாதிரி இழுக்கல. டேப்பெட் இடைவெளி வெச்சா பத்து நாள்ல மறுக்கா தட்டுது. இன்டேக் 10 தவ், எக்ஸாஸ்ட் 20 தவ், நானே ஃபீலர் வெச்சுப் பாத்து வெப்பேன். அஞ்சாம் நம்பர் எக்ஸாஸ்ட் மட்டும் நிக்கவே மாட்டேங்குது. ஸ்க்ரூவை இறுக்கி இறுக்கி நூல் முடியப்போகுது. ஒருத்தர் சொன்னாருன்னு நாசில் பெரிசு போட்டு பம்புல டீசலை ஏத்துனேன். இழுவை வரல, கரும்புகைதான் வந்துச்சு. புகை வெளிய போற கதவே பாதிதான் திறக்குதுன்னு அப்ப யாருக்குத் தெரியும்?

தீபாவளி லோடு இருந்துச்சு, இஞ்சினை இறக்க மனசில்லீங்க. இந்த இஞ்சின்ல டேப்பெட் காளான் மாதிரி, தலை கீழ, அடியிலிருந்துதான் போடோணும். மேலருந்து புஷ்ராடு ஓட்டை வழியா மரக்குச்சியை டேப்பெட்டுக்குள்ள இறுக்கி, 12ஐயும் தூக்கிப் புடிச்சுட்டா கேமை முன்னாடி உருவலாம். ஆசாரிகிட்ட குச்சி கடைஞ்சு வாங்கி, சைக்கிள் டியூப்பை வளையம் வளையமா வெட்டி ரெண்டு ரெண்டா மாட்டித் தூக்கிக் கட்டுனோம். பதினொண்ணு நின்னுச்சு. கேம் முக்கால்வாசி வெளிய வந்தப்ப ஒண்ணு டொக்குன்னு சம்ப்புல (அடியில இருக்குற எண்ணெய்த் தொட்டி) உழுந்துச்சு பாருங்க, ஆரும் ஒண்ணும் பேசல. சம்ப்பைக் கழட்டி எடுக்கப் பொழுது விடிஞ்சுருச்சு. லோடு வேற வண்டியில போச்சு.

உருவுன கேம்ல அந்த அஞ்சாம் நம்பர் எக்ஸாஸ்ட் லோப் மூக்கு மழுங்கிப் போயி உருண்டையா இருந்துச்சு. எண்ணெய் மாத்துறதைத் தள்ளிப் போட்டுட்டே வந்தேன், அதுக்குத்தாங்க கூலி.

வேலூர் வாசு:

ஒரே ஒரு கேள்வி. கேம் தேஞ்சா அரைச்சுப் போடலாமா கூடாதா? எங்க மெக்கானிக் "தாராளமா"ன்றார், இன்னொருத்தர் "கிட்டயே போகாதே"ன்றார்.

நாமக்கல் லேத்:

ரெண்டு பேரும் சொல்றது சரிதான் தம்பி. எவ்வளவு தேஞ்சிருக்குங்கறதுலதான் பதில் இருக்கு.

லோப் மேல கெட்டிப்படுத்தின தோல் ஒண்ணு இருக்கு. கோடு கோடா லேசா கீறல்னா அந்தத் தோலுக்குள்ளயே அரைச்சு எடுத்துரலாம். சங்ககிரி தம்பி சொன்ன மாதிரி மூக்கே போயிருந்தா, அதை நேராக்க மத்த லோப் பதினொண்ணையும் சேர்த்து இறக்கணும். தோல் போயிரும், உள்ள இருக்கிறது பச்சை இரும்பு. ஆறு மாசம் ஓடும். அரைச்சா அடி வட்டமும் சின்னதாகும், டேப்பெட் கீழ இறங்கி நிக்கும், அதை ஸ்க்ரூல ஏத்திக்கலாம். ஆனா தூக்குற உயரம் பழையபடி வருதான்னு டயல் கேஜ் வச்சுப் பார்க்காம குடுக்கிறவன்கிட்ட வாங்காதே. நான் ஒவ்வொரு லோபா சுத்திக் காட்டித்தான் குடுப்பேன். போன மாசம் ஒருத்தர் வெளியே அரைச்சு வாங்கிட்டு வந்தார், அளந்தா நாலாவதும் ரெண்டாவதும் எட்டு தவ் வித்தியாசம்.

டெக்சாஸ் தம்பி, புது கேம்ல பழைய டேப்பெட் போடாம 16ம் மாத்தினது நல்ல வேலை. டேப்பெட் முகம் பார்வைக்குத் தட்டை, நிஜத்துல நடுவுல மயிரிழை மேடு. லோபும் ஒரு பக்கம் சாய்வா அரைச்சிருக்கும். அந்த ரெண்டும் சேர்ந்துதான் டேப்பெட்டைச் சுத்த விடுது. சுத்தாத டேப்பெட் லோபைத் தின்னுரும். ஸ்டீல் ஸ்கேல் ஓரத்தை முகத்துல குறுக்கா வச்சு வெளிச்சத்துக்கு நேரா பிடி. ரெண்டு ஓரத்துலயும் வெளிச்சம் தெரிஞ்சா நல்லது. நடுவுல தெரிஞ்சா குழி விழுந்தாச்சு. தெரியவே இல்லன்னா தட்டையாயிருச்சு, அதுவும் குப்பைதான்.

வேலூர் வாசு:

நன்றிண்ணே. டெக்சாஸ் ப்ரோ, மைலேஜ் என்ன குடுக்குது?

டெக்சாஸ் மதுரைக்காரன்:

அதை மட்டும் கேக்காதீங்க. கார்புரேட்டர் வச்ச வி8, டிரெய்லர் வேற. ஆனா அந்த மேம்பாலத்துல இப்போ கியர் இறங்குறதில்ல. நொண்டிச் சத்தம் போச்சு, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறதும் இல்ல.

நாமக்கல் அண்ணே, நீங்க சொன்னதைப் படிச்சுட்டு நேரா கராஜுக்குப் போனேன். முதல் கேமோட வந்த 16 டேப்பெட்டும் காபி டின்ல கிடந்துச்சு, "நல்லதா இருக்கிறதை எப்பவாவது போட்டுக்கலாம்"னு வச்சிருந்தேன். ஸ்கேல் வச்சு ஒவ்வொண்ணா பார்த்தேன். செத்த லோபோடது நடுவுல நல்லா குழி, நகத்தை வச்சாலே தெரியுது. அதுகூட எதிர்பார்த்ததுதான். ஆனா மிச்சம் 15ல ஆறுக்கு ஓரத்துல வெளிச்சமே இல்ல. ரெண்டே வாரம் ஓடின டேப்பெட். டின்னை அப்படியே பழைய இரும்போட சேர்த்து வச்சிட்டேன்.