மறு: ‘ரூல்ஸ் ஆஃப் ஒரிஜின்’ – மூலமா, ஆக்கமா, உரிமையா?

> ஆப்பிரிக்கக் கண்டத் தடையில்லா வணிகப் பகுதியில் சேர்ந்த நாடுகள், அதனால் பலன் பெறுவது எப்படி என்று ஆளுக்கொரு தேசிய உத்தி ஆவணம் எழுதுகின்றன. அதைப் பற்றி ஒரு கட்டுரை தயார் செய்கிறேன். ‘ரூல்ஸ் ஆஃப் ஒரிஜின்’ வருகிற இடத்தில் முட்டி நிற்கிறேன். ‘மூல விதிகள்’ என்று போட்டால் போதுமா அண்ணாச்சி?

தம்பி,

போதாது. ஒரு சரக்கை எந்த நாட்டுச் சரக்காகக் கொள்வது என்று முடிவுசெய்யும் இந்த விதிகள், வாக்கியத்துக்கு வாக்கியம் மூலப்பொருளைப் பற்றிப் பேசுபவை. ‘மூல விதிகளின் மூலம் மூலப்பொருளின் மூலம் முடிவாகும்’ என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். வைத்தியரிடம் சொல்ல வேண்டிய மூலத்தை நான் இதில் சேர்க்கவில்லை.

இந்த விவாத இழையில் இன்னொருவர் சொன்ன ‘தோற்ற விதிகள்’ அதைவிட மோசம். தோற்றுப்போன விதிகள் என்று படிக்கலாம், பொருள் பார்க்க எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் விதிகள் என்றும் படிக்கலாம். ‘பிறப்பிட விதிகள்’ பரவாயில்லை. ஆனால் அது வாசகரை நேரே புவிசார் குறியீட்டிடம் கொண்டுபோய் விட்டுவிடும். காஞ்சிபுரம் பட்டு, மதுரை மல்லி என்றெல்லாம் நாம் பேசுவது ஊரின் பெயரையும் புகழையும் காப்பது. இங்கே பெயருக்கும் புகழுக்கும் வேலையே இல்லை. இந்தப் பெட்டியில் இருக்கும் சரக்குக்கு வரிச்சலுகை உண்டா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.

தூத்துக்குடி துறைமுகத்தில் இதை யாரும் தமிழில் சொல்வதில்லை. ‘சி.ஓ. வந்தாச்சா?’ என்பதோடு சரி. சரக்கு எந்த நாட்டுடையது என்று காட்டும் ‘சர்டிபிகேட் ஆஃப் ஒரிஜின்’தான் அந்த சி.ஓ. ஏற்றுமதிக்காரர், கிளியரிங் ஏஜென்ட், சுங்க அதிகாரி எல்லாருக்கும் அதுதான் சொல். அவர்களுக்கு நாம் புதுச் சொல் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் கட்டுரையைப் படிக்கப்போகிறவருக்குத்தான் வேண்டும். அதனால் சொல்லுக்கு முன்னால், இந்த விதி செய்கிற வேலையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

2018 மார்ச்சில் ருவாண்டாவின் கிகாலியில் 44 நாடுகள் இந்த ஆப்பிரிக்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. 2019 மே 30 முதல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. 2021 ஜனவரி 1 அன்று வணிகம் முறைப்படி தொடங்கியதாக அறிவித்தார்கள். தலைமைச் செயலகம் கானாவின் அக்ராவில். சுங்கப் பட்டியலில் உள்ள இனங்களில் 90 சதவீதத்துக்கு வரி போய்விட வேண்டும்: மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு 10 ஆண்டு, மற்ற நாடுகளுக்கு 5 ஆண்டு அவகாசம். 7 சதவீதம், உடனே வரியை எடுத்தால் உள்நாட்டுக்கு அடி விழும் என்று கருதும் ‘சென்சிடிவ்’ பொருள்கள், அவற்றுக்குக் கூடுதல் காலம். 3 சதவீதத்தை அடியோடு விலக்கி வைத்துக்கொள்ளலாம்.

உத்தி எழுதுகிற அரசாங்கங்கள் பெரும்பாலும் இந்தச் சதவீதங்களில்தான் மூழ்கிப்போகும். எதை 7-இல் போடுவது, எதை 3-இல் ஒளித்து வைப்பது என்று அமைச்சகங்களுக்குள் இழுபறி நடக்கும். அதுவும் தேவைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வரி பூஜ்யம் என்று ஏட்டில் எழுதியிருந்தாலும், பூஜ்யம் கிடைப்பது சி.ஓ. வைத்திருக்கும் சரக்குக்கு மட்டும்தான். அந்தச் சான்றிதழ் வாங்க முடியாத தொழிலுக்கு ஒப்பந்தம் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். நம் ஊரிலேயே பாருங்கள், சாதாரண வரி ஐந்து சதவீதம் என்றால் ‘சி.ஓ. அலைச்சல் எதுக்கு, டியூட்டியைக் கட்டிட்டுப் போயிடலாம்’ என்பவர்கள் எத்தனை பேர்! ஒரு நாட்டின் உத்தி ஆவணம் உருப்படியா என்று பார்க்க, நான் முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தான். சான்றிதழை யார் கொடுப்பார்கள், சிறு உற்பத்தியாளர் கணக்கு வைக்க யார் கற்றுத் தருவார்கள், எந்தெந்தப் பொருளுக்கு விதியை எட்ட முடியும் என்ற விவரம் அங்கே இருக்க வேண்டும்.

இதில் பயமும் இருக்கிறது. நைஜீரியா கிகாலியில் கையெழுத்துப் போடவில்லை. வெளிநாட்டுச் சரக்கு பக்கத்து நாட்டு வழியாக உள்ளே கொட்டும் என்று அங்கிருந்த உற்பத்தியாளர்கள் எதிர்த்தார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் கண்ணெதிரே இருந்தது. ஆசியாவிலிருந்து வரும் புழுங்கல் அரிசி பெனினின் கோட்டனு துறைமுகத்தில் இறங்கும், அப்புறம் தரைவழியே நைஜீரியாவுக்குள் கடத்தப்படும். அந்த அரிசியில் நம் காக்கிநாடாவில் ஏற்றியதும் உண்டு. 2019 ஜூலையில் நைஜர் நாட்டின் நியாமேயில் நைஜீரியாவும் பெனினும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டன. அடுத்த மாதமே நைஜீரியா தரை எல்லைகளை மூடியது. 2020 டிசம்பரில்தான் திறந்தது. கோட்டனுவில் மூட்டையைப் பிரித்துப் புது மூட்டையில் கட்டினால் அது பெனின் அரிசி ஆகிவிடாது என்று சொல்வது இந்த விதிதான். சலித்தல், பொட்டலம் கட்டுதல், லேபிள் ஒட்டுதல் இவையெல்லாம் கணக்கில் சேராத வேலைகள் என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நமக்கு நெருக்கமான கதையும் ஒன்று உண்டு. இந்திய-இலங்கைத் தடையில்லா வணிக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் அமலுக்கு வந்தது. உள்நாட்டு மதிப்புக்கூட்டல் 35 சதவீதம் இருக்க வேண்டும். இந்திய இடுபொருள் சேர்ந்திருந்தால் இலங்கையில் 25 போதும். அப்போது பாமாயிலுக்கு இந்தியாவில் வரி மிக அதிகம், இலங்கையில் குறைவு. மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து பாமாயில் இலங்கைக்குப் போய், வனஸ்பதியாகி, வரியில்லாமல் இந்தியாவுக்குள் வந்தது. அதற்கென்றே அங்கே ஆலைகள் முளைத்தன, அவற்றில் இந்திய முதலீடும் இருந்தது. இங்குள்ள ஆலைகள் கூச்சல் போட்டன, இந்தியா ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்று உச்சவரம்பு வைத்தது. பிறகு பாமாயில் வரியையே குறைத்தது, அந்தத் தொழில் படுத்துவிட்டது. இரண்டு நாட்டு வரிகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில் தொழில் கட்டினால் இதுதான் நடக்கும். ஆப்பிரிக்காவில் உத்தி எழுதுகிறவர்கள் அவசியம் படிக்க வேண்டிய கதை என்று நினைக்கிறேன்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

> ‘ஆக்கநாட்டு விதிகள்’ எனலாம். பொருள் எங்கே ஆக்கப்பட்டது என்பதுதானே கேள்வி.

இதை முன்மொழிந்த நண்பரின் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. வனஸ்பதிக்கும் கென்யாவிலிருந்து கானாவுக்குப் போன பேட்டரிக்கும் அழகாகப் பொருந்தும். (2022 அக்டோபரில் அக்ராவில் எட்டு நாடுகளோடு வெள்ளோட்டம் விட்டபோது, முதலில் போன சரக்குகளில் கென்யாவின் பேட்டரியும் தேயிலையும் உண்டு.) தேயிலை, மாம்பழம் என்றால் ‘விளைவது’, ‘ஆக்கப்படுவது’ இல்லை, இருந்தாலும் இழுத்துப் பிடித்தால் ஒப்பேற்றிவிடலாம்.

ஆனால் மீன்? மீனை யாரும் ஆக்குவதில்லை. நாட்டின் கரைக்கடலுக்குள் பிடித்தால் அந்த நாட்டு மீன், அதில் சிக்கல் இல்லை. அதற்கு அப்பால் பிடித்தால், எந்தக் கடலில் பிடித்தோம் என்பதை விதி பார்ப்பதில்லை. கப்பல் எங்கே பதிவானது, எந்தக் கொடி பறக்கிறது, உடைமை யாருடையது என்றுதான் பார்க்கும். அன்னியக் கப்பல் பிடித்த சூரையை உள்ளூரில் டின்னில் அடைத்தால் அது உள்ளூர்ச் சரக்கா என்று நாள்கணக்கில் வாதாடுவார்கள். ஆக, இந்த விதி கேட்பது ‘எங்கே பிறந்தது’ என்றும் இல்லை, ‘எங்கே ஆக்கப்பட்டது’ என்றும் இல்லை. ‘இந்தச் சரக்கை எந்த நாட்டுக்கு உரியதாக எழுதுவது?’ என்றுதான் கேட்கிறது. வணிகச் சட்டக்காரர்கள் இதைப் பொருளின் குடியுரிமை என்றே வருணிப்பதுண்டு.

அதனால் என் முன்மொழிவு: உரிநாடு. உரிநாட்டு விதிகள், உரிநாட்டுச் சான்றிதழ். முதல், கரு, உரி என்று படித்தவர்களுக்கு ‘உரி’ அன்னியம் இல்லை. விளைந்ததோ செய்ததோ பிடித்ததோ, மூன்றுக்கும் இது இடம் கொடுக்கும்.

இன்னொரு சொல்லும் இதோடு சேர்ந்தே வரும், அதை விட்டுவிடாதீர்கள்: ‘க்யூமுலேஷன்’. ‘திரள்வு’, ‘குவிப்பு’ என்று எழுதினால் ஒன்றும் விளங்காது. பெனினில் விளைந்த பருத்தி எகிப்தில் நூலும் துணியும் ஆகி, மொரீசியஸில் சட்டை ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். (ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறதே, அதே மொரீசியஸ்தான்.) மூன்று நாடுகளும் உறுப்பினர்கள் என்பதால், முன்னால் நடந்த வேலையெல்லாம் மொரீசியஸ் கணக்கில் சேரும். இதற்குச் ‘சேர்த்தெண்ணல்’ என்று நேராகவே சொல்லலாம். சின்ன நாடுகளுக்கு உத்தியின் உயிரே இதில்தான். தனியாக நின்றால் அவற்றால் விதியை எட்ட முடியாது, அண்டை நாட்டுப் பஞ்சையும் நூலையும் சேர்த்து எண்ணினால் எட்டலாம்.

ஆடை விஷயத்தில் இது வெறும் கணக்கும் இல்லை. வெளியிலிருந்து துணி வாங்கித் தைத்தால் போதுமா, நூலிலிருந்தே தொடங்க வேண்டுமா என்பது திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும் சண்டை. ஆலை வைத்திருக்கும் நாடு ‘நூலிலிருந்து’ என்னும். தையல் மட்டும் வைத்திருக்கும் நாடு ‘துணியிலிருந்து’ என்னும். வணிகம் தொடங்கியதாக அறிவித்த அன்றைக்கும் ஆடைக்கும் மோட்டார் வாகனத்துக்கும் விதி முடிவாகவில்லை. கென்யா 2022–2027 காலத்துக்கு உத்தி போட்டிருக்கிறது. அடிஸ் அபாபாவில் இருக்கும் ஐ.நா.வின் ஆப்பிரிக்கப் பொருளாதார ஆணையம் பல நாடுகளுக்கு இந்த ஆவணம் எழுத உதவுகிறது. அப்படி உதவி வாங்கி எழுதினாலும், தையல் தொழிலில் இறங்குவதா நூற்பாலை கட்டுவதா என்பதை அந்தந்த நாடுதான் தீர்மானிக்க வேண்டும், அதுவும் விதி முடிவாகும் முன்பே மேசையில் உட்கார்ந்து பேசி.

‘ஸ்ட்ராடஜி’க்கு ‘உத்தி’யே போதும். வியூகமெல்லாம் வேண்டாம், போருக்கா போகிறோம்?

அன்புடன்,
தூத்துக்குடியிலிருந்து

---

வணக்கம்.

அண்ணாச்சி சொன்ன மீன் நியாயம் சரி, மன்னார்க்காரனான நான் அதை மறுக்க ஏலாது. ‘ஆக்கம்’ என்றால் எங்கள் பக்கம் கட்டுரை, கவிதை என்றுதான் முதலில் விளங்கும். ஆகவே ஆக்கநாட்டைக் கைவிடுவதில் எனக்குச் சம்மதம்.

ஆனால் ‘உரிநாடு’ கொஞ்சம் மொட்டையாக இருக்கிறது. இலங்கையில் ‘உரித்து’ என்ற சொல் புழக்கத்தில் உள்ளது. காணி உரித்து, வாரிசு உரித்து என்று சட்ட எழுத்துகளில் சாதாரணமாக வரும். ‘உரித்து நாடு’ என்று வைத்தால் என்ன?

---

அண்ணாச்சி, மன்னார் ஐயா, இருவருக்கும் நன்றி.

‘உரித்து நாடு’ எனக்குப் பிடித்தது. பக்கத்தில் இருந்த நண்பரிடம் காட்டினேன், ‘வாழைப்பழத்தை உரித்தா?’ என்று கேட்டார். தமிழ்நாட்டு வாசகருக்கு அது சிரமம்தான். அதனால் கட்டுரையில் ‘உரிநாடு’ என்று போடுகிறேன், இலங்கை இதழுக்கு அனுப்பும் படியில் ‘உரித்து நாடு’ என்று மாற்றிக்கொள்கிறேன்.

இப்போது பத்தி இப்படி நிற்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்:

‘வரிக்குறைப்பு மட்டும் ஒரு நாட்டின் ஏற்றுமதியைக் கூட்டிவிடாது. சரக்கு உரிநாட்டு விதிகளை நிறைவேற்ற வேண்டும், அதற்கு உரிநாட்டுச் சான்றிதழ் வேண்டும். அண்டை உறுப்பு நாடுகளின் இடுபொருளையும் வேலையையும் சேர்த்தெண்ண விதி இடம் தருவதால், எந்த இடுபொருளை யாரிடம் வாங்குவது என்பதைத் தேசிய உத்தி முதலிலேயே திட்டமிட வேண்டும்.’

சரக்கை நடுவழியில் இறக்கி வேறொன்றில் ஏற்றி அனுப்புவதைச் சொல்லும் ‘ட்ரான்ஸ்ஷிப்மென்ட்’ என்ற சொல்லுக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை. ‘கப்பல் மாற்றம்’ என்று எழுதினால், கோட்டனுவில் இறங்கி லாரியில் போகும் அரிசி அதில் அடங்காது. யாரிடமாவது சொல் இருக்கிறதா?