டேன்டி கலர் கம்ப்யூட்டர் 2-ல் ஓஎஸ்-9 பூட் ஆகவில்லை

64 கேபி ரேம் உள்ள கலர் கம்ப்யூட்டர் 2-ல் (டேன்டியின் 1980-களின் வீட்டுக் கணினி) ஓஎஸ்-9 லெவல் 1 என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை ஏற்ற மூன்று வாரமாகப் போராடுகிறேன். 6809 ப்ராசசர் சிப்பில், வெறும் 64 கேபியில், ஷெல், பைப், பல ப்ராசஸ் என்று யூனிக்ஸ் வாசனையைக் காட்டிய சிஸ்டம். அதைப் பார்க்கத்தான் இந்த மெஷினையே வாங்கினேன். இருப்பது டாலஸ் பக்கம், பழைய சாமான் சந்தையில் கிடைத்தது.

மெஷினைப் போட்டால் டிஸ்க் பேசிக் 1.1 (ரோமில் இருக்கும், பிளாப்பியைக் கையாளும் பேசிக்) என்று திரையில் வருகிறது. பிளாப்பியிலிருந்து பூட் செய்ய டிஓஎஸ் கட்டளை கொடுத்தால் 'ஓஎஸ்9 பூட்' என்ற எழுத்து தெரிகிறது, டிரைவ் இரண்டு வினாடி சுற்றுகிறது, அப்புறம் அப்படியே உறைந்துவிடுகிறது. எர்ரர் எதுவும் இல்லை. ஆக, பிளாப்பியில் பூட் புரோகிராம் இருக்கும் 34-வது டிராக்கைப் படித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் சிக்கல்.

ஹெட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்தேன். கேபிள் மாற்றினேன். வேறு இரண்டு பிளாப்பியில் புதிதாக எழுதிப் பார்த்தேன். நண்பர் வீட்டு மெஷினில் அதே பிளாப்பிகள் ஜம்மென்று பூட் ஆகின்றன. என் டிரைவை அங்கே மாட்டினாலும் ஓடுகிறது! பேசிக் விளையாட்டுகள் என் மெஷினில் மணிக்கணக்காக ஓடும்.

பேசிக் கீழ் 32 கேபியை மட்டும்தான் தொடும், ஓஎஸ்-9 மேல் பாதியில் தெரியும் ரோமை ஒதுக்கிவிட்டு அங்குள்ள ரேமையும் பிடித்துக்கொள்ளும். அதனால் என் சந்தேகம் மேல் பாதி ரேம் மீதுதான்.

சிப்புகளைக் கழற்றாமல் அந்த மேல் 32 கேபியை மட்டும் எப்படிச் சோதிப்பது?