2005 கொரோலா எடுக்கலாமா? வளைகுடாவுல டாக்சியா ஓடுன வண்டி நம்ம ஊருல எப்பிடி முதலாளி வண்டி ஆச்சு?

தக்கலைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். திங்கள்சந்தை பக்கத்துல ஒரு வீட்டுல 2005 மாடல் டொயோட்டா கொரோலா விலைக்கு நிக்குது. 1.8 பெட்ரோல், கை கியர், ஒரே ஓனர். குவைத்துல இருந்து வந்தவரு ஆசைக்கு எடுத்தது, இப்ப வீட்டுல ஓட்ட ஆளில்ல. கேக்குற விலைக்கு ஒரு நல்ல பைக்தான் கிடைக்கும்.

எனக்க பெரியப்பா சவுதியில டிரைவரா இருந்தவரு. அவருகிட்ட கேட்டா, "கண்ண மூடிட்டு எடுல, சாகாத வண்டி அது"ங்காரு. எனக்க கூட்டுக்காரன், "பணக்காரன் வச்சிருந்த வண்டி, ஒரு பார்ட்ஸ் போச்சுன்னா சொத்த எழுதிக் குடுக்கணும்"ங்கான். ரெண்டு பேரும் ஒரே வண்டியப் பத்தித்தான் பேசுதாங்களா? அங்க சாதாரண ஆளு ஓட்டுன வண்டி இங்க எப்பிடி முதலாளி வண்டி ஆச்சு? இந்த வண்டிக்க கதை தெரிஞ்சவங்க சொல்லுங்க. எடுக்கதா இருந்தா என்னெல்லாம் பாக்கணும்னும் சொன்னா உபகாரம்.

குளச்சல் காத்து:

கதைய அவங்கவங்க சொல்லுவாங்க. நீ முதல்ல வண்டி எங்க நின்னுச்சுன்னு கேளு. திங்கள்சந்தையில இருந்து கடப்புறம் ஒண்ணும் தூரம் இல்ல. கார்ஷெட்ல மூடி நின்னா ஒரு கதை, முத்தத்துல தார்ப்பாய் போட்டு நின்னா வேற கதை. தார்ப்பாய்க்கு உள்ள உப்பும் ஈரமும் சேந்து நிக்கும், அது தொறந்து போட்டத விட மோசம். மேல பெயிண்ட் பளபளன்னு இருக்கும், அடியில கைய வச்சா தகரம் அப்பளமா நொறுங்கும். கதவுக்கு அடியில நீளமா ஓடுற பெட்டி, பின் சக்கரத்துக்க உள்பக்கம், டிக்கியில ஸ்டெப்னி வைக்குற குழி, இது மூணும் பாக்காம அட்வான்ஸ் குடுக்காத.

பழைய ஸ்பானர், மார்த்தாண்டம்:

மக்ளே, உனக்க பெரியப்பா சொன்னதும் சரி, கூட்டுக்காரன் சொன்னதும் சரி. நான் சவுதியில தம்மாம்ல ஒர்க்‌ஷாப்ல கிடந்தவன். கையில வந்ததுல பாதிக்கு மேல கொரோலா, மிச்சம் நிசான் சன்னியும் டொயோட்டா கிரெசிடாவும். வண்டி ரெண்டு எடத்துலயும் ஒண்ணுதான். அதுல ஒட்டுன விலைச்சீட்டுதான் வேற. கொஞ்சம் நீட்டமா சொல்லுதேன், நேரம் இருந்தா வாசி.

1950கள்ல ஜப்பான்காரனுக்க நிலைமையும் நம்மளப் போலத்தான். நிசான் இங்கிலாந்து ஆஸ்டின பாகம் பாகமா எறக்கிப் பூட்டி வித்துச்சு. இசுசு ஹில்மன், ஹினோ பிரான்சு ரெனோ. இங்க மாரிஸ் ஆக்ஸ்போர்டக் கொண்டு வந்து அம்பாசடர்னு விட்ட அதே காலம்தான். அதுக்குப் பெறகு ரெண்டு பேருக்கும் வழி பிரிஞ்சு போச்சு. இங்க யார் எத்தன வண்டி செய்யணும்னு லைசென்ஸ்ல எழுதி வச்சிருந்தாங்க. புக் பண்ணிட்டு வருசக்கணக்குல காத்துக் கிடந்தோம். அங்க கம்பெனிகள் ஒருத்தனுக்க கழுத்த ஒருத்தன் பிடிச்சுக்கிட்டு நின்னான்.

டொயோட்டா 1961ல பப்ளிகான்னு ஒரு சின்ன வண்டி விட்டுச்சு. 700 சிசி, ரெண்டு சிலிண்டர், காத்துலயே ஆறுற எஞ்சின். எவ்வளவு விலை கொறைச்சா அவ்வளவு விக்கும்னு கணக்குப் போட்டு, ரேடியோ இல்ல, ஹீட்டர் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆளு வாங்கல. 1963ல ரேடியோ, ஹீட்டர், சாயுற சீட்டெல்லாம் வச்சு டீலக்ஸ்னு விட்டதும் ஓடத் தொடங்கிச்சு. காசச் சேத்து வச்சு முதல் கார் வாங்குறவன் "எனக்கு இருக்கதுலயே மட்டமானதக் குடு"ன்னு கேக்க மாட்டான். இத மனசுல வச்சுக்கோ, நம்ம ஊருக் கதைக்கு வரும்போது வேணும்.

பப்ளிகாவ செஞ்ச ஆளுதான் கொரோலாவையும் செஞ்சாரு. தாத்சுவோ ஹசெகாவா. காருக்கு வாறதுக்கு முன்னால அவரு விமானக்காரரு. தாச்சிகாவா கம்பெனியில போர் விமானம் வரைஞ்சவரு. அவரு வரைஞ்ச கீ-94 முதல்ல பறக்கதுக்கு முன்னாலயே ஜப்பான் சரணடைஞ்சு போச்சு. போர் முடிஞ்ச பெறகு ஜப்பான்ல விமானம் செய்யவே தடை. அப்பிடி வேலை போன ஒரு கூட்டம் இஞ்சினியருங்க கார் கம்பெனிகளுக்கு வந்தாங்க. எடை கொறைக்கது, ஒரு கிராம் தகரம்னாலும் எதுக்குன்னு கேக்கது, இதெல்லாம் அங்க படிச்ச பழக்கம்தான்னு எனக்குத் தோணும்.

அவருக்க கொள்கைய 80 மார்க் கொள்கைன்னு சொல்லுவாங்க. எதுலயும் 80க்குக் கீழ போகப்பிடாது. ஓட்டம், இடம், சத்தம், விலை, ரிப்பேர், எல்லாத்துலயும் 80. அதுக்கு மேல ஒண்ணு ரெண்டு விசயத்துல 90 தாண்டி நிக்கணும், வாங்குறவன் அதப் பாத்து மயங்கணும். இந்த ரெண்டாவது பாதிய எல்லாரும் விட்டுட்டு "கொரோலான்னா நடுத்தரம்"னு பேசுவாங்க. கல்யாண வீட்டுல பத்துக் கறி பிரமாதமா இருந்தாலும், ஒரு கறியில உப்பில்லன்னா ஊரு அதத்தான் பேசும். ஹசெகாவா அந்த ஒரு கறிக்குப் பயந்த ஆளு.

சரி, மயக்கதுக்கு என்ன வச்சாரு? அப்ப ஜப்பான் கார்ல கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல இருக்கும், நம்ம பழைய அம்பாசடர் மாதிரி. தரையில கியர் ராடு இருந்தா லாரின்னு நெனைப்பான். இவரு தரையில 4 கியர் வச்சாரு, அது ஸ்போர்ட்ஸ் வண்டி மாதிரின்னு பேரு வாங்கிச்சு. முன்னால ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணாச் சேந்த மெக்பர்சன் ஸ்ட்ரட், பின்னால சாதாரண பட்டை ஸ்பிரிங். எஞ்சின 20 டிகிரி சரிச்சுப் படுக்க வச்சாரு, அதனால பானெட் தாழ்ந்துச்சு. இதுக்கெல்லாம் காரணம் ரோடு. 1965ல நகோயாவுக்கும் கோபேக்கும் நடுவுல மெய்ஷின் விரைவுச்சாலை முழுசா தொறந்தாச்சு. 100 கிலோமீட்டர் வேகத்துல விடாம ஓடணும். பழைய சின்ன எஞ்சின் அதுல ஓடினா வெந்து போகும்.

இனி 100 சிசி கதை. 1966 ஏப்ரல்ல நிசான் சன்னிய எறக்கிச்சு, 988 சிசி. கொரோலாவும் 1000 சிசியாத்தான் தயாராகிட்டு இருந்துச்சு. சன்னி 1000ன்னு தெரிஞ்சதும் டொயோட்டா கடைசி நேரத்துல சிலிண்டரப் பெருசாக்கி 1077 சிசி ஆக்கிச்சு. எஞ்சின் வேலை தெரிஞ்சவனுக்குத்தான் அது எவ்வளவு வெப்ராளம்னு புரியும். பிஸ்டன், பிளாக், ஹெட் எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும், வண்டியும் சில மாசத்துலயே வெளிய வரணும். அந்த வருசம் நவம்பர்ல 4,32,000 யென்ல விட்டான். விளம்பரம் என்னன்னா "கூடுதல் 100 சிசிக்க தாராளம்". அவ்வளவுதான். கொரோலாவுக்குன்னே தகாவோகாவுல தனியா ஒரு தொழிற்சாலையும் கட்டி வச்சிருந்தான். நிசான் சும்மா இருக்குமா? 1970ல அடுத்த சன்னிய 1200 சிசி ஆக்கி, "பக்கத்து வீட்டுக் காரு சின்னதாத் தெரியும்"னு விளம்பரம் போட்டான். நாலு மாசத்துல டொயோட்டாவும் அடுத்த கொரோலாவ விட்டுச்சு. இந்த மல்லுக்கட்டுல லாபம் வாங்குறவனுக்கு. ஒவ்வொரு மாடல்லயும் அதே மாதிரி விலைக்குக் கொஞ்சம் கூடுதலாக் கிடைச்சுக்கிட்டே இருந்துச்சு.

1969 முதல் 2001 வரைக்கும் 33 வருசம் ஜப்பான்ல அதிகம் வித்த கார் கொரோலா. 2002ல ஹோண்டா ஃபிட் வந்துதான் அத எறக்கிச்சு. 1983ல செடான் முன் சக்கர ஓட்டத்துக்கு மாறிச்சு. நான் தம்மாமுக்குப் போகும்போது இந்த முன் சக்கர வண்டிகதான் ரோடெல்லாம்.

ஒர்க்‌ஷாப்ல நான் கண்டத ஒண்ணு சொல்லுதேன். கொரோலா வந்தா 10, 12, 14, இந்த மூணு ஸ்பானர கையில எடுத்தா முக்காவாசி வேலை முடியும். பெறகு 17, 19, சக்கரத்துக்கு 21. ஐரோப்பா வண்டி வந்தா 13 தேடணும், ஸ்டார் தலை போல்ட்டுக்குத் தனி சாவி தேடணும். பிளக்குக்குக் கரண்ட் பிரிச்சுக் குடுக்குற டிஸ்ட்ரிபியூட்டர் அடியில ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அந்தச் சூட்டுல அது காஞ்சு கல்லாகி ஆயில் கசியும், எஞ்சின் பக்கவாட்டுல மணலும் ஆயிலும் சேந்து கருப்பு அடையா ஒட்டும். ஒரு போல்ட் கழட்டி, வளையத்த மாத்தி, சுரண்டித் துடைச்சு விட்டா டிரைவரு சாயா குடிச்சு முடிக்கதுக்குள்ள வண்டி போயிடும். அந்த வளையம் எந்தக் கடையிலயும் கிடைக்கும். உனக்க பெரியப்பா "சாகாத வண்டி"ங்கது இதத்தான். கெட்டுப் போகாம இல்ல. கெட்டா சீக்கிரமா, கொறஞ்ச காசுல எழும்பும்.

இப்ப நம்ம ஊரு. டொயோட்டா இங்க 1985லயே டிசிஎம் கம்பெனி கூட சேந்து சின்ன லாரி விட்டுச்சு. கிர்லோஸ்கர் கூட சேந்தது 1997ல, குவாலிஸ் 2000ல. கொரோலா 2003ல வரும்போது விலை 10 லட்சத்துக்குப் பக்கம். அப்ப மாருதி 800 ரெண்டு லட்சத்துச் சொச்சம். குடும்பக் காருக்க நாற்காலியில 1983லயே ஒருத்தன் வந்து உக்காந்தாச்சு. அவனும் ஜப்பான்காரன்தான். சுசுகி ஃப்ரோண்ட் எஸ்எஸ்80, 796 சிசி. அந்த எஞ்சின ஜப்பான்ல சின்னக் காரா பதிய முடியாது, அங்க அப்ப வரம்பு 550 சிசி. வெளிநாட்டுக்குன்னு செஞ்சதுதான் நமக்கு மாருதி ஆச்சு. மாசச் சம்பளக்காரனுக்கும் டீச்சருக்கும் அது கிடைச்சுட்டு. கொரோலா இங்க வந்து எறங்கும்போது மிச்சம் இருந்தது டாக்டரு, எஸ்டேட் முதலாளி, குவைத்துக்காரன். பப்ளிகா கதையில சொன்னேனே, "கொஞ்சம் கூடுதலாக் கிடைக்கணும்"னு. மாருதியில அந்தக் கொஞ்சத்த விட மேல ஏறணும்னு நெனைச்சவன் சென், எஸ்டீம், சான்ட்ரோன்னு போனான். பத்து லட்சத்துக்கு யாரும் ஒரேயடியாச் சாட மாட்டான்.

நாகர்கோவில் பெட்ரோல்:

அண்ணாச்சி நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா ஜப்பான்ல மட்டும் இல்ல, உலகத்துலயே அதிகம் வித்த காருன்னு எல்லாரும் கொரோலாவத் தூக்கி வைக்கதுல எனக்குச் சம்மதம் இல்ல. 1997ல ஃபோக்ஸ்வாகன் பீட்டிலத் தாண்டிச்சுன்னு சொல்லுதாங்க, 2021ல 5 கோடின்னாங்க. பீட்டில் கடைசி வரைக்கும் ஒரே உடம்பு, பின்னால எஞ்சின், காத்துல ஆறுறது. கொரோலா 12 தலைமுறை. 1966 வண்டிக்கும் இப்போ உள்ளதுக்கும் ஒரு போல்ட் கூடச் சேராது. பேருதானே ஒண்ணு? எனக்கு அதுல பிடிச்ச ஒரே கொரோலா ஏஇ86. 1983ல செடான் முன் சக்கரத்துக்கு மாறும்போது அது பின் சக்கர ஓட்டத்துலயே நின்னுச்சு, 1587 சிசி, 16 வால்வு. அது நம்ம ஊருல எவன்கிட்டயும் கிடையாது, எழவு.

பழைய ஸ்பானர், மார்த்தாண்டம்:

தம்பி சொல்லுத கணக்கு சரிதான், உடம்பு ஒண்ணு இல்ல. ஆனா தம்மாம்ல நான் பாத்தது வேற. ஒருத்தன் நாட்டுக்குப் போகதுக்கு முன்னால வண்டிய விப்பான். கொரோலான்னா அண்ணைக்கே ஆளு வரும், விலை பேசதுக்கு ஒண்ணும் இல்ல, எந்த வருசம்னு சொன்னாப் போதும். அந்தக் காசு கையில வருங்கற தைரியத்துல அடுத்தவன் புதுசு எடுப்பான். உடம்பு மாறிக்கிட்டே இருந்தும் அந்த நம்பிக்கை மாறல. 5 கோடி வித்தது அதனாலதான். ஏஇ86 பத்தி எனக்குத் தெரியாது, என்கிட்ட வந்தவன் எல்லாம் ஏசி வேலை செய்யலன்னு வந்தவன்.

தக்கலைக்காரா, உனக்க வண்டிக்கு வாறேன். அதுல 1ZZன்னு சொல்லுத 1794 சிசி எஞ்சின். டைமிங் பெல்ட் இல்ல, செயின், அதுக்காகப் பயப்படாண்டாம். இந்த வகையில முதல்ல வந்த எஞ்சின்க ஆயில் குடிக்கும்னு பேரு எடுத்தது, அதனால டிப்ஸ்டிக்க நீயே உருவிப் பாரு. எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போ. விக்கவரு நீ வாறதுக்கு முன்னால ஸ்டார்ட் பண்ணி வச்சிருந்தா பானெட்ல கை வச்சா தெரிஞ்சிடும். பின்னால ஒருத்தன நிறுத்தி, இரணியல் பக்கம் ஒரு ஏத்தத்துல விட்டு, எறக்கத்துல ஆக்சிலேட்டர விட்டுட்டு திரும்ப மிதி. நீலப் புகை வந்தா விலைய இன்னும் கொறை, இல்லன்னா விடு.

இன்னொண்ணு, இப்ப பம்புல வாறது எத்தனால் கலந்த பெட்ரோல். 2005 வண்டிய அதுக்குன்னு செய்யல. பெட்ரோல் ஹோஸ், சீல் எல்லாம் பழசா இருந்தா மாத்திடு. ரெண்டாயிரம் மூவாயிரத்துல முடியுத வேலையத் தள்ளிப் போடாத. ஊருக்குள்ள லிட்டருக்கு 10 குடுத்தா சந்தோசப்படு. மாருதி கணக்கு இதுல பாக்கப்பிடாது.

குளச்சல்காரரு சொன்ன துரு விசயம் எஞ்சின விட முக்கியம். எஞ்சின எழுப்பிடலாம், போன தகரத்தக் கொண்டு வர முடியாது.

தக்கலைக்காரன்:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. இண்ணைக்குப் போயிப் பாத்தேன். கார்ஷெட்லதான் நிக்குது, தார்ப்பாய் இல்ல. ஸ்டெப்னி குழியில லேசா செவப்புத் துரு, விரல அமுக்கினா உள்ள போகல. கதவடிப் பெட்டி நல்லா இருக்கு. டிப்ஸ்டிக் பாதிக்கு மேல இருக்கு, கருப்பா. பேட்டரி டவுன், அதனால ஓட்டிப் பாக்க முடியல. ஆனா ஆர்சியில ஒரு சிக்கல்: 15 வருசம் முடிஞ்ச பெறகு புதுப்பிச்ச மாதிரி காணல. "அது பெறகு பாத்துக்கிடலாம், நீங்க எடுத்துட்டு போங்க"ங்காரு.

பழைய ஸ்பானர், மார்த்தாண்டம்:

பெறகு பாக்கதெல்லாம் இல்ல. ஆர்சி புதுப்பிக்காம உனக்க பேருக்கு மாறாது. எஃப்சிக்குக் காட்டி, வரி கட்டி, அவரு பேருலயே புதுப்பிச்சுத் தரச் சொல்லு, இல்லன்னா அந்தச் செலவ விலையில கழிச்சுட்டு வேலை முடியுத வரைக்கும் பாதிக் காச கையில வை. இன்சூரன்ஸ் இல்லாம ரோட்டுல எறக்காத. வேற வண்டி பேட்டரியில இருந்து வயர் குடுத்து ஜம்ப் பண்ணி ஸ்டார்ட் பண்ணினா செயின் சத்தம் கேக்குதான்னு பாரு, முதல் ரெண்டு நொடி கடகடன்னா பரவால்ல, நிக்காம கேட்டா விடு. பேப்பர் சரியாச்சுன்னா மார்த்தாண்டத்துக்குக் கொண்டு வா, லிஃப்ட்ல ஏத்தி அடிய முழுசாப் பாத்துத் தாறேன்.